ஒரே கட்டையின் முப்பத்தொரு துண்டுகள்

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் கரிக்காரர். பழைய மண்ணிலிருந்து தோண்டியெடுத்த கரித்துண்டுகளைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, ஒட்டியிருக்கும் வேர் நூலை இடுக்கியால் பிடுங்கி, அமிலத்தில் கழுவி, காரத்தில் கழுவி, மறுபடி அமிலத்தில் போட்டு, வயது அளக்க அனுப்புவார். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. நகக்கண்ணில் கறுப்பு போகவேயில்லை.

மாடியில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர் கரிக்காரரின் தங்கை புருஷன். அவர் நகக்கண் பளிச்சென்று இருக்கும். கரிக்காரர் கழுவிக் கொடுத்த கரியின் வயதுகளையெல்லாம் கூட்டி ஒரு கோடு போடுவார். ஆள் அதிகமிருந்தால் அடுப்பு அதிகம் எரியும், கரியும் அதிகம் கிடைக்கும். ஆகவே கோடு ஏறும் இடத்தில் ஜனம் பெருகியது, இறங்கும் இடத்தில் குறைந்தது. அவ்வளவுதான் விஷயம். அதற்குப் போய்ப் பத்திரிகையில் அவர் படம் போட்டார்கள்: ‘ஐயாயிரம் வருஷத்துக்கு முன் ஆற்றோரத்தில் ஜனவெள்ளம்.’

அம்மா அதைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். கரிக்காரர் தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் படத்திலிருந்து மாப்பிள்ளை சிரித்தார்.

“செத்துப்போனவங்களைக்கூட எண்ணிடறாரே மாப்ள! நீயும் அங்கதானடா இருக்க?”

“நான் கழுவலைன்னா அவர் எதைம்மா எண்ணுவார்?”

“பாத்திரம் கழுவறவன் நான்தான் சமைச்சேன்னு சொல்ற மாதிரி இருக்கு.”

மறுநாள் முதல் வேலையாகக் கரிக்காரர், கோட்டின் உச்சியிலிருந்த நாற்பது கரித்துண்டுகளின் எண்களைத் தன் நோட்டில் தேடினார். அதில் முப்பத்தொன்று ஒரே அடுப்புக்குழியிலிருந்து வந்தவை. தோண்டியவர், எரிந்த ஒரே கட்டையின் துண்டுகளைப் பொறுக்கித் தனித்தனிப் பையில் போட்டு அனுப்பியிருந்தார். ஜனவெள்ளமாவது, மண்ணாவது! யாரோ ஒரு குடும்பம் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறது.

மாடிப்படியில் நிறுத்திக் காதோடு சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கூட்டம்வரை, இயக்குநர் வந்து உட்காரும்வரை, வாயில் மிட்டாய் மாதிரி அடக்கி வைத்திருந்தார். ஆபீசில் ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார். அன்று வேண்டுமென்றே மாற்றினார்.

“மாப்ள, ஒரு சின்ன சந்தேகம். ஒரே கட்டையை முப்பத்தொரு தடவை எண்ணினா, ஊரே திரண்டு வந்த மாதிரிதானே தெரியும்?”

நோட்டை மேசையில் விரித்தார். மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். முகம் வெளுத்தது. கரிக்காரருக்குக் கண் குளிர்ந்தது.

“அய்யோ மச்சான், இதை எப்படி விட்டேன்? ஒரு குழிக்கு ஒரு வயசுன்னு சேர்த்துட்டுல்ல கூட்டியிருக்கணும்!”

அங்கேயே, எல்லோர் கண்ணெதிரிலும், கணக்கைத் திருத்தி ஓட்டினார். திரையில் மலை படுத்துக்கொண்டது.

இயக்குநர் எழுந்தார். “சபையில தப்பை ஒத்துக்க ஒரு மனசு வேணும்யா!”

கைதட்டினார்கள். மாப்பிள்ளைக்கு.

அடுத்த வாரம் ஃபிரிட்ஜ் கதவில் புதுக் காகிதம்: ‘தன் முடிவைத் தானே திருத்திய ஆய்வாளர்.’ கீழே எறும்பு எழுத்தில், ‘உதவி: ஆய்வுக்கூட ஊழியர்.’

“பார்த்தியா,” என்றாள் அம்மா, “மனுஷன்னா இப்படி இருக்கணும்.”

கரிக்காரர் தண்ணீர்ப் போத்தலை எடுத்தார். கதவை மூடும்போதுதான் கவனித்தார்: காகிதத்தில் அச்சாகியிருந்த திருத்திய கோடும், இடது ஓரத்தில், லேசாகப் புடைத்திருந்தது. போத்தலைத் திறக்காமலே நோட்டைத் தேடிப் போனார்.