கிணற்று மோட்டார்

இன்று காலை ஐந்தே முக்காலுக்குக் குப்பை லாரியின் விளக்கொளி என் படுக்கையறைச் சுவரில் ஊர்ந்தது. சட்டென்று எழுந்து உட்கார்ந்தேன்.

தொண்ணூறுகளில் மதுக்கரையில், எங்கள் வீட்டுச் சுவரில் அப்படி ஊர்ந்தது போலீஸ் ஜீப்பின் வெளிச்சம். ஒரு தோட்டத்துக் கிணற்று மோட்டார் திருடுபோனதற்கு அண்ணனைப் பிடித்துப் போனார்கள். உண்மையான திருடன் சிக்கியதும் விட்டுவிட்டார்கள். அதன்பிறகு எங்கே மோட்டார் காணாமல் போனாலும் ஜீப் முதலில் எங்களிடம்தான் வந்தது. அண்ணன் தோட்டங்களில் வேலை கேட்டுப் போனால், "நீ நல்ல பையன்தான் கண்ணு, ஆனா கெணத்துப் பக்கம் வந்துபோடாத" என்பார்கள்.

ஜீப் சத்தம் கேட்டதும் அம்மா அண்ணனுக்கு இரண்டு சட்டைகளை மாட்டிவிடுவாள். அடி கொஞ்சம் குறைவாக உறைக்குமாம்.

"நான் எடுக்கலீங்கம்மா."

"தெரியுஞ் சாமி. கையத் தூக்கு."

ஓர் ஐப்பசியில் ஜீப் வந்தபோது அண்ணன் அதைச் சொல்லவில்லை. அன்று மோட்டார் எங்கள் கட்டிலுக்கடியில் இருந்தது.