உங்களுக்கென்று சமைத்தது என்ன?

சென்ற வியாழக்கிழமை காலை யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் தில்லைநாதன் ஐயாவின் மகள் வத்சலா. "மாமா, அப்பா நேற்றுப் பின்னேரம் எங்களை விட்டுட்டுப் போயிட்டார்" என்றார். சண்டையால் யாழ்ப்பாணப் பாதை மூடிக் கிடக்கும் இந்த நாளில் மலையகத்து மடுல்சீமையிலிருந்து புறப்பட்டு அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வழியில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

வைக்கும் முன் வத்சலா ஒன்று கேட்டார். எட்டாம் நாள் எட்டுச் செலவு. இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் இலையில் படைப்பது அவர்கள் ஊர் வழக்கம். "அப்பா வீட்டில அம்மா போட்டதைப் பேசாமல் சாப்பிடுவார். அவருக்கு என்ன விருப்பம் எண்டு எங்களுக்கே தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும் எண்டு அம்மா சொல்லுறா. என்ன படைக்கிறது, மாமா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். என்ன பிடிக்காது என்று கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன்: ஆறிப்போன தேநீர். என்ன பிடிக்கும் என்று கேட்டால் நான் எங்கே போவேன்? பதினான்கு வருடம் அவரோடு ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டவன் நான். அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடி அன்று முழுக்க நினைத்துப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஐயா பதுளை நகரத்துக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக மாற்றலாகி வந்தார். கடைகளின் சமையலறைக்குள் போய் அண்டாவையும் துடைப்பத்தையும் பார்த்து அறிக்கை கொடுப்பது அவர் வேலை. அந்த அறிக்கைகளைப் படி எடுத்துக் கோப்பில் போடும் எழுதுவினைஞர் நான். தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் என்ற பெருமை எனக்கு உண்டு. லயத்திலிருந்து வந்தவன் என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியக் கூடாது என்ற பயமும் அதே அளவுக்கு உண்டு.

வந்த முதல் வாரமே ஐயா கடைக்காரர்களைக் கலவரப்படுத்திவிட்டார். கண்டிப்பால் அல்ல. தமது பகுதிக்குட்பட்ட எந்தக் கடையிலும் ஒரு பிளேன்டீகூடக் குடிக்க மாட்டார். காசு கொடுத்துச் சாப்பிட்டால் என்ன குற்றம் என்று நான் ஒருமுறை கேட்டேன். "காசு குடுத்தாலும் என்ர பிளேட்டில ஒரு துண்டு இறைச்சி கூடுதலா விழும், முத்தையா. பிறகு அந்தத் துண்டு என்ர கண்ணை மறைக்கும்" என்றார்.

ஆகவே ஊரெல்லாம் கொத்து ரொட்டி மணக்க, அவர் தமது அறையில் தாமே சமைத்துச் சாப்பிட்டார். அவருடைய பருப்புக் கறியை நான் ஒருமுறை சாப்பிட்டிருக்கிறேன். இறந்தவரைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்பதால் அதை இத்தோடு விடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவர் வேறு மனிதர். மாதத்தில் ஒரு ஞாயிறு தமது பகுதியைத் தாண்டி எங்காவது பஸ்ஸேறிப் போய்ச் சாப்பிடுவார். துணைக்கு என்னையும் அழைப்பார். முதல் தடவை பண்டாரவளைக்குப் போனோம். ஒரு மலாய் அம்மா நடத்திய சின்னக் கடை. பலகையில் சோறு, கறி, ரோல்ஸ் என்று எழுதியிருந்தது. ஐயா பலகையைப் பார்க்கவே இல்லை. உள்ளே எட்டி, "இண்டைக்கு உங்களுக்கெண்டு என்ன சமைச்சனீங்கள்?" என்று கேட்டார்.

அந்த அம்மா என்னைத்தான் பார்த்தார். பைத்தியமா என்று கேட்கிற பார்வை. பிறகு சிரித்துக்கொண்டே அது கடைக்கு வைத்தது இல்லை, மாட்டுக் குடல் என்றார். அதையே தரச் சொன்னார் ஐயா. பிட்டும், பாபத் என்ற அந்தக் குடல் கறியும் வந்தன. ஊரில் சைவ வீட்டில் பிறந்து வளர்ந்த மனிதர், வெள்ளிக்கிழமை தவறாமல் மரக்கறி உண்பவர், முதல் கவளத்தை வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். கோயிலில் தீபாராதனை பார்க்கும்போது சிலர் அப்படி நிற்பார்கள். சாப்பாட்டுக்கு ஒருவர் அப்படி உட்கார்ந்திருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். உண்மை அதுதான்.

அதுதான் அவர் முறை. எந்த ஊரிலும், எந்த மொழிக் கடையிலும் அதே கேள்வி. "விக்கிறதுக்குச் சமைக்கிறது வேற. தங்கட பிள்ளையளுக்குச் சமைக்கிறது வேற. ஒரு சனத்தை அறியவேணுமெண்டால் இரண்டாவதைச் சாப்பிடவேணும்" என்பார்.

ஒருமுறை ஹல்துமுல்லைக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். ஐயாவின் அடையாள அட்டையில் பிறந்த ஊரைப் பார்த்த சிப்பாய் அவரை மட்டும் ஒதுக்கி நிறுத்தினான். பஸ் போய்விட்டது. அரை மணி நேரம் வெயிலில் நின்றோம். எனக்குப் பயம். என் அட்டையிலும் தமிழ்ப் பெயர்தானே. கடைசியில் அட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது, ஐயா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நீ இங்கே எந்தக் கடையில் சாப்பிடுகிறாய் மகனே என்று சிங்களத்தில் விசாரித்தார். அவன் திகைத்துப்போனான். பிறகு துப்பாக்கியைத் தோளில் மாற்றிக்கொண்டு, கைகாட்டி வழி சொன்னான். அங்கே மேசைகூட இல்லை. சிவப்பரிசிச் சோறும், தேங்காயைக் கறுக்க வறுத்து அரைத்துப் போட்ட பலாக்கொட்டைக் கறியும் கிடைத்தன. திரும்பி வரும்போது ஐயா அந்தச் சிப்பாயிடம் போய் மிக நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுத்தான் பஸ்ஸுக்கு நின்றார். இவர் எந்த மண்ணால் ஆனவர் என்று நான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

கொழும்புக்குப் பயிற்சிக்குப் போனபோது ஒரு சீனக் குடும்பத்தின் கடைக்கு அழைத்துப் போனார். நான் படம் போட்ட அட்டையில் பெரிய நண்டைக் காட்டி ஆசைப்பட்டேன். அவர் வழக்கம்போல் கேட்டார். வயதான சீனப் பெண்மணி இரண்டு கிண்ணத்தில் அரிசிக் கஞ்சியும் உப்பில் ஊறிய முட்டையும் கொண்டுவந்து வைத்தார். எனக்கு ஏமாற்றம். ஐயா கிண்ணத்தை இரு கையாலும் எடுத்துக் குடித்துவிட்டுச் சொன்னார்: "எங்கட வீட்டில காய்ச்சல் வந்தா அம்மா தாறது இதுதான். கடல் தாண்டி வந்த சனத்துக்கும் காய்ச்சலுக்குக் கஞ்சிதான்." அன்று நண்டு சாப்பிடாத வருத்தம் எனக்கு இன்னும் கொஞ்சம் உண்டு. ஆனால் அந்தக் கஞ்சியின் சூடு இன்னும் நாக்கில் இருக்கிறது.

அந்தப் பயணத்திலிருந்துதான் அவர் கேட்கத் தொடங்கினார்: "உங்கட வீட்டுக்கு எப்ப?"

என் வீடு என்பது மடுல்சீமையில் பத்தடி அறை. வார நாளில் பதுளையில் தங்கி, சனிக்கிழமை வீட்டுக்குப் போவேன். திங்கட்கிழமை விடியற்காலை பஸ் பிடிக்கும்போது என் மனைவி பார்வதி மதியத்துக்கு ரொட்டி கட்டித் தருவாள். கோதுமை மாவும் துருவிய தேங்காய்ப்பூவும் பிசைந்து தகட்டில் சுட்ட தடித்த ரொட்டி. அதை அலுவலகத்தில் மேசையில் வைத்துச் சாப்பிட்டதே இல்லை. ரொட்டி என்றால் லயம் என்று தெரிந்துவிடுமே. பழைய கோப்புகள் அடுக்கிய அறைக்குள் போய், சுவரைப் பார்த்து நின்றபடி தின்றுவிட்டு வருவேன். ஒரு திங்கட்கிழமை ஐயா ஏதோ கோப்புத் தேடி உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

பாதை சரியில்லை, மழை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஏழெட்டு வருடம் சாக்குச் சொன்னேன். அவருக்கு ஓய்வு பெறும் காலம் நெருங்கியபோது சாக்குத் தீர்ந்துவிட்டது. வரச் சொன்னேன்.

பி.எச்.ஐ., அதாவது சுகாதாரப் பரிசோதகர், வருகிறார் என்ற செய்தி லயம் முழுக்கப் பரவியது. சாப்பிட வருகிறார் என்று நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. சாக்கடைக் கானைத் துப்புரவாக்கினார்கள். வாசலுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். கோழிகளைப் பிடித்துக் கூட்டில் அடைத்தார்கள். ஐயா வந்து இறங்கியபோது லயமே பிளீச்சிங் பவுடர் மணத்தது. அவர் மூக்கை உறிஞ்சிச் சிரித்துக்கொண்டு, எல்லாருக்கும் கும்பிட்டபடி உள்ளே வந்தார்.

நான் செய்த வேலையை இப்போது சொல்ல வேண்டும். அவருக்கு ரொட்டி வைக்க எனக்கு மனம் வரவில்லை. மச்சானை அனுப்பி, பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் புரியாணிப் பார்சல் வாங்கி வரச் செய்திருந்தேன். புதுத் தட்டில் பரப்பி, சோடாவும் உடைத்து வைத்தேன்.

ஐயா தட்டின் மேல் குனிந்தார். நிமிர்ந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டார். "முத்தையா, இது பஸ் ஸ்டாண்டுக் கடைப் புரியாணி எல்லோ. அவர் கறுவாப்பட்டை கொஞ்சம் கூடப் போடுறவர்." அந்தக் கடைச் சோற்றில் ஒரு பருக்கை அவர் நாக்கில் பட்டதில்லை. அந்தச் சமையலறையில் நின்ற நாட்களில் மூக்கில் ஏறியதை வைத்து மட்டும் சொன்னார். அது அவருடைய பகுதிக் கடை. அவரால் அதைத் தொட முடியாது. அந்தக் கடையின் அறிக்கைகளையெல்லாம் என் கையால் படி எடுத்தவன் நான். வெட்கம் வந்தால் புத்தி போய்விடும் என்பதற்கு நானே சாட்சி.

ஐயா அடுப்புப் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, உங்களுக்கெண்டு என்ன சமைச்சனீங்கள்?"

பார்வதி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "ரொட்டிதாங்க ஐயா. சம்பலும், மலையில பறிச்ச கீரையும் இருக்கு. அதப் போயி ஒங்களுக்கு எப்படிங்க வைக்கிறது?"

அவர் எழுந்து போய் அடுப்புக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்தார். கொழுந்து பறிக்கும்போது தேயிலைக்கு இடையில் கிள்ளி மடியில் கட்டிக் கொண்டுவந்த மணத்தக்காளிக் கீரை. அம்மியில் அரைத்த தேங்காய்ச் சம்பல். பார்வதி தகட்டிலிருந்து எடுத்துப் போடப் போட, அவர் பிய்த்துச் சாப்பிட்டார். கண்ணை மூடினார். புகையால் என்று பார்வதி நினைத்து ஊதுகுழலை எடுத்தாள். எனக்குத் தெரியும் அது புகை இல்லை என்று. நான்காவது ரொட்டியைக் கேட்டு வாங்கினார். வாசலில் நின்ற லயத்துச் சனம் அப்போதுதான் இது பரிசோதனை இல்லை என்று நம்பியது. கோழிகளைத் திறந்துவிட்டார்கள்.

கையைக் கழுவிக்கொண்டு என்னிடம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பன்னிரண்டு பதின்மூண்டு வருசம் இந்த மலையில இருந்தும், இந்த மலைச் சாப்பாட்டை இண்டைக்குத்தான் சாப்பிடுறன். நீங்கள்தான் ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள், முத்தையா. அந்த அறைக் கதவைச் சாத்திப்போட்டு வந்த நாளிலயிருந்து எனக்கு இதுதான் பசி."

மறுநாள் திங்கட்கிழமை. நான் ரொட்டியை என் மேசையில் வைத்துப் பிரித்தேன். ஐயா நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்து பாதியை எடுத்துக்கொண்டார். ஓய்வு பெற்று ஊருக்குப் போகும்வரை திங்கட்கிழமை எங்கள் இருவருக்கும் அதுதான் மதியச் சாப்பாடு.

இவ்வளவும் யோசித்த பின்னும் வியாழக்கிழமை மாலை வரை எனக்கு முடிவு வரவில்லை. பாபத்தைச் சொல்வதா, பலாக்கொட்டையைச் சொல்வதா, கஞ்சியைச் சொல்வதா? மாவு பிசைந்துகொண்டிருந்த பார்வதியிடம் கேட்டேன். கையை நிறுத்தாமலே, "இதுக்கா காலையிலருந்து யோசிக்கிறீங்க? இன்னும் சொல்லக் கூச்சமா இருக்கா?" என்றாள்.

வத்சலாவை அழைத்தேன். நான் சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்று பார்வதி திருத்தினாள்: தேங்காய், மாவில் பாதி இருக்கணும், உப்பு கொஞ்சம் தூக்கலா, ஓரம் கருகினாலும் பரவாயில்ல. நிவாரணத்துக்குக் கொடுத்த கோதுமை மா கொஞ்சம் கிடக்கிறது, போதும் என்றார் வத்சலா. பிறகு, "இதுக்கு என்ன பேர் எண்டு சொல்லுறது, மாமா? வாற ஆக்கள் கேப்பினம்" என்றார்.

"லயத்து ரொட்டின்னு சொல்லும்மா. எங்க வீட்டு ரொட்டி" என்றேன்.

இன்று எட்டாம் நாள். யாழ்ப்பாணத்து வீட்டில் இந்நேரம் இலை போட்டிருப்பார்கள். பலகாரங்களுக்கு நடுவில் ஓரம் கருகிய தடித்த ரொட்டி ஒன்று இருக்கும். இங்கே எங்கள் அடுப்போரத்தில் அதே பலகையைப் போட்டு, முன்னால் ஒரு தட்டில் நான்கு ரொட்டி வைத்திருக்கிறோம்.

போய் வாருங்கள், ஐயா. இது எங்களுக்கென்று சமைத்ததுதான். சாப்பிடுங்க.