அடுத்த வருஷம் நீ என்ன செய்யப்போகிறாய்?

கணவர் இறந்த பிறகு அண்ணா என்னைக் கல்கத்தாவுக்கு அழைத்து வந்துவிட்டார். பவானிபூரில் வாடகை வீடு. அண்ணாவுக்கு ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஆபீசர் உத்தியோகம். ராத்திரிச் சாப்பாட்டின்போது பெரிய பையனை வக்கீலாக்குவது, சின்னவனை இன்ஜினீயரிங் படிக்க வைப்பது, பென்ஷன் வாங்கியதும் கும்பகோணம் போய்விடுவது என்று உற்சாகமாகப் பேசுவார். நானும் மன்னியும் பரிமாறுவோம். எங்கள் பேச்சு அதில் வராது. எனக்கும் அது வித்தியாசமாகத் தோன்றியதில்லை.

பக்கத்து வீட்டு வங்காளி அம்மாளைத் தீதி, அதாவது அக்கா என்று கூப்பிடுவேன்; அவளோடு பேசிப் பேசியே எனக்கு வங்காளி வந்துவிட்டது. மத்தியானங்களில் தன் கூடத்தில் பாய் விரித்து அக்கம்பக்கத்துப் பெண்களுக்குப் பாடம் சொல்லித் தருவாள். ஊறுகாய் கொடுக்கப் போன என்னிடம் ஒருநாள், "அடுத்த வருஷம் நீ என்ன செய்யப்போகிறாய்?" என்று கேட்டாள்.

என்னை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. "வாத்தியாரம்மா ஆகணும்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்படியானால் நாளையிலிருந்து வா. டிரெயினிங் பள்ளிக்கு நான் தயார் செய்கிறேன்" என்றாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது இதைச் சொன்னதும் அண்ணாவுக்குச் சங்கடமாகிவிட்டது. "இவளுக்கு என்ன குறை வெச்சேன்? நம்மவா என்ன பேசுவா?"

மன்னி சாதாரணமாக அவரை எதிர்த்துப் பேச மாட்டாள். அன்றைக்கு ரசப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஏன்னா, நமக்கப்புறம் இவ எங்கே இருப்பா? அதை யோசிச்சேளா?" என்றாள்.

அண்ணா சாப்பிட்டு முடித்து எழுந்து கை அலம்பினார். பிறகு, "சரி, போகட்டும்" என்றார்.

ஆறேழு மாதம் போயிருக்கும். ஒருநாள் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்த மன்னியிடம், "உங்களுக்கு என்ன ஆசை மன்னி?" என்று கேட்டேன்.

"பெரியவன் வக்கீலாகணும்."

"அது அவனுக்கு. உங்களுக்கு?"

சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "எங்கம்மாவுக்கு நானே ஒரு கடுதாசி எழுதணும். இதுவரைக்கும் எல்லாம் உங்க அண்ணாதான் எழுதறார். எல்லாத்தையும் அவர்கிட்டே சொல்ல முடியறதா?"

எனக்காக வாதாடியவளுக்குத் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறுநாளே தீதி வீட்டுக்கு அழைத்துப் போனேன். முதலில் கதவோரம் நின்றாள். தீதி நகர்ந்து இடம் விட்டதும் உட்கார்ந்தாள். தமிழ் எழுத்து நான் சொல்லிக்கொடுத்தேன். வங்காளி எழுத்தும் வேண்டும் என்று அவளே பிடிவாதம் பிடித்தாள்.

நான் பரீட்சை தேறி, ஒரு பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். மூடிய பள்ளிக்கூட வண்டியில் போய்வருவேன். மன்னிக்கு அதற்குள் தைரியம் வந்திருந்தது. தெருவில் புதிதாகக் குடிவந்த தெலுங்குக்காரர் வீட்டுக்குத் தானே போய், அந்த வீட்டு மருமகளைத் தீதி வகுப்புக்கு அனுப்பும்படி மாமியாரிடம் அரைகுறை வங்காளியில் வாதாடிக்கொண்டிருந்தாள். மாமியார் அசையவில்லை. மன்னியும் விடுவதாக இல்லை.