மில்லுக்கு ஒரு ஜெபமாலை தூரம்

மில்லுக்குச் சாப்பாட்டுக் கூடை தூக்குகிறவளுக்குக் கழுத்து பலம் மட்டும் போதாது, எப்போது கிளம்பினால் எப்போது போய்ச் சேரலாம் என்ற கணக்கும் வேண்டும் என்று எனக்கு முதலில் சொன்னவள் என் ஓர்ப்படி மதலேன், 1956 தவக்காலத்தில். அவளுக்கும் அந்தக் கணக்குத் தெரியாது.

என் பிள்ளைகள் அவரவர் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். வயிற்றுப்பாட்டுக்கு நான் கூடை எடுத்தேன். புதுச்சேரியில் எங்கள் சாரத்தில் பதினோரு வீட்டுச் சாப்பாட்டுத் தூக்குகளை வாங்கி, ரயில்வே கேட்டைத் தாண்டி, மில் வாசலில் கொடுக்க வேண்டும். பன்னிரண்டுக்குச் சங்கு ஊதும். அரை மணியில் கதவைச் சாத்திவிடுவார்கள். பதினோரு பேரில் ஏழுமலைக்கு வயிற்றுப் புண். பசியில் ஒரு தரம் தறியடியில் மயங்கி விழுந்துவிட்டார். இன்னொரு தரம் விழுந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். வீட்டு ஆம்பிளைக்குச் சோறு கட்டி அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்ததோ இல்லையோ என்று வாசலில் நின்று தெருவைப் பார்த்த உங்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

ஒரு கொதி

ஏழுமலையின் சம்சாரம் குப்பம்மாள் வீட்டில்தான் கடைசித் தூக்கு. எப்போது போனாலும் "இன்னும் ஒரே கொதி அக்கா" என்பாள். ஒரு கொதிக்கு எத்தனை நிமிஷம் என்று அவளுக்கும் தெரியாது, அடுப்புக்கும் தெரியாது. ஈர விறகு. ஒரு நாள் நான் அவசரப்படுத்தியதும், கஞ்சியைக்கூட வடிக்காமல் தூக்கில் கொட்டி இறுக்கி மூடினாள்.

"என்னாடி இது, அரிசி முழிச்சுப் பாக்குது?" என்றேன்.

"வெயில்லதானே போற? போய்ச் சேர்றதுக்குள்ள வெந்துடும். நீ மட்டும் சீக்கிரமா போயிடாதக்கா."

சொல்தாவின் கடிகாரம்

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். போகிற வழியில் ஒரு சொல்தா, சங்கிலிக் கடிகாரத்தோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள், "மணி என்னங்க மிசே?" என்று மரியாதையாய்க் கேட்டேன். பார்த்து, "ஒண்ணு" என்றார்.

கதவு சாத்தி அரை மணி ஆகிவிட்டதே என்று ஓட்டமாய் ஓடினேன். சூரியன் எங்கே இருக்கிறது என்று அண்ணாந்து பார்க்கலாமென்றால் தலையில் கூடை. மில் வாசலில் ஈ காக்கை இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேவிட்டேன். அழுது முடித்து மூக்கைத் துடைக்கும்போதுதான் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது.

மறுநாள் அவரிடம் கேட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை. "அது சைகோன் மணிம்மா, வியட்நாம் பக்கம். அங்க நமக்கு முந்தியே மணி ஆயிடும். பன்னெண்டு வருஷமா ஒரு நிமிஷம் பிசகினதில்ல."

மாதாவின் கணக்கு

அதற்குப் பிறகு கடிகாரக்காரர்களை விட்டு மாதாவை நம்பினேன். சாரத்தில் சிலுவை போட்டுத் தொடங்கினால் மில் வாசலில் நூற்றைம்பத்து மூன்று மணி ஜெபமாலை முடியும், ஒவ்வொரு மணியை உருட்டும்போதும் மாதாவுக்கு ஒரு மங்கள வார்த்தை ஜெபம். முடிந்தால் நேரத்துக்கு வந்துவிட்டேன் என்று வைத்துக்கொண்டேன். ஒரு நாள் குப்பம்மாள் வீட்டுக் கொதி ரொம்ப நீண்டுவிட்டது. விழுந்தடித்து ஓடினேன். ஜெபமாலையும் வாசலில் சரியாக முடிந்தது. ஸ்தோத்திரம் என்று நிமிர்ந்தால், கதவு சாத்தியிருக்கிறது.

காவல்காரர் கோவிந்தன் கம்பி வழியாகக் கேட்டார்.

"எத்தினி மணிக்குக் கெளம்புன?"

"தெரியலண்ணே."

"எவ்ளோ தூரம்?"

"ஒரு ஜெபமாலை."

"என்னா வேகத்துல வந்த?"

"மங்கள வார்த்தையில முதல் சொல்லும் ஆமெனும்தான் என் காதுல விழுந்துச்சு. அவ்ளோ வேகம்."

அவர் திட்டவில்லை. சின்னக் கதவைத் திறந்து, ஏழுமலையின் தூக்கை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அதற்கு மேல் அவருக்கு அதிகாரமில்லை. ஏழுமலை அன்று விழவில்லை. மற்றப் பத்துத் தூக்கும் என் கூடையிலேயே ஆறின. திரும்பி வந்த கோவிந்தன் சின்னக் கதவைச் சாத்திக்கொண்டே சொன்னார்:

"நீ ஓடுனா உங்க மாதாவும் கூடவே ஓடுது சவரியம்மா. அப்புறம் யாரப் பாத்து நீ நேரம் தெரிஞ்சுக்குவ?"

நான்கு வருஷம் கூடை தூக்கி நான் படித்த கணக்கு இவ்வளவுதான். அன்று சாயங்காலம் வரை பட்டினியாய்த் தறி ஓட்டிய அந்தப் பத்துப் பேருக்காக நீங்கள் ஒரே ஒரு மங்கள வார்த்தை சொல்லுங்கள், மெதுவாக.