கடைசி ஓட்டை

எங்கள் வீட்டில் கார் வைத்திருந்தது அத்தை. அப்பாவிடம் இருந்தது ஸ்கூட்டர். வாசலில் நிற்கிற காரைப் பார்த்து யாராவது "இது யாரு காரு?" என்று கேட்டால், அப்பா "எங்கப்பா வாங்குனது" என்று மட்டும் சொல்வார். அக்காவுடையது என்று வாயில் வராது.

அது பழைய ஹெரால்டு. தாத்தா வாங்கி, ஓட்டி, சாகும்போது தன் மூத்த மகளுக்கு எழுதிவைத்துவிட்டுப் போன வெளிர்பச்சை வண்டி. சிதம்பரத்து வீடும் சிமென்ட் கடையும் அப்பாவுக்கு, கார் அத்தைக்கு. இது என்ன பங்கு என்று நான் கேட்டால் இன்றைக்கும் வீட்டில் பதில் வராது. அந்தக் காரின் முன்மூடியைத் திறந்தால் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து மொத்த மூஞ்சியும் முன்பக்கமாகக் கவிழும். அதைப் பார்க்கவே தெருப்பிள்ளைகள் வருவார்கள். நான் காசு வாங்காத குறையாகக் காட்டுவேன்.

அத்தை கணக்கு டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எங்களோடுதான் இருந்தாள். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போவாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, காரை எடுத்துக்கொண்டு கடலூருக்குப் போவாள். பக்கத்து சீட்டில் நான்.

கடலூரில் என்ன செய்தோம் என்றால், ஒன்றும் செய்யவில்லை. தேவனாம்பட்டினத்தில் கடலைப் பார்க்க வண்டியை நிறுத்துவாள். அவித்த வேர்க்கடலை வாங்கித் தின்போம். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைக் கதவில் சாய்த்துக்கொண்டு அத்தை அரை மணி நேரம் தூங்குவாள். வாய் கொஞ்சம் திறந்திருக்கும். வீட்டில் அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. எழுந்து ஒரு டீ குடிப்பாள். திரும்பிவிடுவோம்.

அப்பாவால் இதை நம்ப முடியவில்லை. ஞாயிறு ராத்திரி சாப்பாட்டில் என்னை விசாரிப்பார்.

"அங்க யாரு வந்தாங்க?"

"யாரும் வர்ல."

"என்னா பண்ணீங்க?"

"கடலை சாப்ட்டோம்."

"அப்பறம்?"

"அத்த தூங்குனாங்க."

"நாப்பத்தஞ்சு கிலோமீட்டர் போயி தூங்குனாங்களா?"

நான் ஆமாம் என்பேன். அப்பா நான் எதையோ மறைக்கிறேன் என்பது போலப் பார்ப்பார். யாராவது வந்திருந்தால் அவருக்குத் திருப்தியாக இருந்திருக்கும் போலிருந்தது. ஒரு வாரம் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்ததால், ஒரு நாய் வந்தது என்று சொன்னேன். அதற்கும் கோபித்துக்கொண்டார்.

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, ஒரு ஞாயிறு சாயங்காலம் திரும்பி வருகையில், புதுச்சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால், தென்னங்கீற்றைக் குறுக்கே கட்டிக்கொண்டு வந்த ஒரு மொபெட் சாலையின் நடுவில் திரும்பியது. அத்தை இடப்பக்கம் ஒடித்தாள். கீற்றுக்காரன் தப்பித்தான். கார் பாலத்துக் கட்டைச்சுவரில் போய் மோதியது. இடது மட்கார்டு காகிதம் போலக் கசங்கி, சக்கரம் உள்ளே போய்விட்டது. என் தாடை முன்பலகையில் இடித்துக் கிழிந்தது. மூன்று தையல்.

ஆஸ்பத்திரிக்கு வந்த அப்பா என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்த அழுகையில் பொய் இல்லை. இதை நான் சொல்லாமல் விட்டால் அது நியாயம் இல்லை, அதனால் சொல்கிறேன்.

வண்டியைக் கட்டி இழுத்துப்போய்த் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு முஸ்லிம் பாயின் கார்ப் பட்டறையில் விட்டார்கள். மற்ற பட்டறைக்காரர்கள் எல்லாம் இந்த வண்டிக்கு சாமான் எங்கே போவது என்று கையை விரித்துவிட்டார்கள். மங்கலம்பேட்டைக்காரரான அந்தப் பாய் மட்டும்தான் பார்க்கலாம் என்றார். அதன்பிறகு பத்து நாள் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. காயலான் கடையில் போட்டுவிடலாம் என்றார் அப்பா. செய்துவிடலாம் என்றாள் அத்தை.

"அக்கா, எங்க போவணும்னாலும் ஒரு வார்த்த சொல்லு. நான் இட்டுட்டுப் போறன்."

"போவணும்னு ஒரு எடமும் இல்லடா தம்பி."

"அப்ப காரு இன்னாத்துக்கு?"

அத்தை பரீட்சைத் தாள் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வயதில் மூத்தவளை, அவள் பெயரில் இருக்கிற வண்டியை விட்டுவிடு என்று அப்பாவால் அதற்கு மேல் சொல்ல முடியாது. சொல்ல முடியாதவர் கடையில் போய் வேலைக்காரர்களைத் திட்டினார். என் அம்மா மட்டும், இனிமேல் எம்பொண்ணு அந்த டப்பாவில் ஏறக்கூடாது என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

கடைசியில் பாய் சொல்வதைக் கேட்டு முடிவு செய்யலாம் என்று அப்பா, அத்தை, நான் மூன்று பேரும் பஸ் ஏறிப் போனோம். என்னை ஏன் கூட்டிப்போனார்கள் என்று தெரியாது. தையல் பார்க்கவேண்டும் என்று அப்பா சொன்னதாக ஞாபகம்.

பாய் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். முன்மூடியைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். உடம்பு முழுக்கத் திருப்புளியால் குத்திப் பார்த்து, துருப்பிடித்த இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டிருந்தார். காருக்கு அம்மை போட்டது போல இருந்தது.

"மேல இருக்கறது தகரந்தான். தட்டி எடுத்துரலாம். துரு ஜாஸ்தியா இருக்கற எடத்த அறுத்துப் போட்டுட்டு வேற தகடு வச்சு வெல்டு வச்சிரலாம். பிரேமுதான் கேள்வி டீச்சர். அடியில வண்டியத் தாங்கற பிரேமு கோணியிருந்துச்சுன்னா நான் என்னா செஞ்சாலும் வண்டி நண்டு மாதிரிதான் போவும். அதுல நான் கை வைக்க மாட்டன்."

"கோணியிருக்கா?" என்று அப்பாவும் அத்தையும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

பாய் சிரித்தார். "நான் ஒன்னு சொன்னா ஒங்க ரெண்டு பேத்துல ஒருத்தரு எங்கிட்ட சண்டைக்கு வருவீங்க. நூலு புடிச்சுப் பாத்துரலாம். நூலுகிட்ட யாரு சண்டைக்குப் போவீங்க?"

குறுக்கு நூல் இரண்டும் ஒரே அளவாக வந்தால் வண்டியைச் செய்வது. வராவிட்டால் காயலான் கடை. இருவரும் சரி என்றார்கள். அத்தை சரி என்று சொன்னபோது முந்தானையைச் சுற்றிச் சுற்றி விரலில் இறுக்கிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் புரியவில்லை என்றேன். அத்தை பாயிடம் சாக்பீஸ் வாங்கித் தரையில் ஒரு செவ்வகம் போட்டாள். மூலைக்கு மூலை இரண்டு கோடு இழுத்தாள். நேராக இருந்தால் இந்த இரண்டும் சமம். ஒரு பக்கம் இடித்துத் தள்ளினால் ஒன்று நீளும், ஒன்று குறையும் என்றாள்.

"எனக்கு வேல கத்துக்குடுத்த உஸ்தாது படம்லாம் போடல டீச்சர்," என்றார் பாய். "மண்டையில ஒன்னு வச்சாரு. புரிஞ்சிருச்சு."

வண்டி நான்கு மரக்கட்டைகளின் மேல் நின்றது. பாய் முன்பக்கம் நூலைப் பிடித்து முடிச்சுப் போடவேண்டும். பின்பக்கம் அடியில் பூந்து நுனியைப் பிடிக்க ஆள் வேண்டும்.

"எம்பொண்ணு பூந்துருவா," என்றார் அப்பா.

"ரெண்டு பக்கமும் கடைசி ஓட்டை, பாப்பா," என்றார் பாய். "அதுல நூலு நுனிய வச்சு வெரலால அழுத்திக்க. நான் இழுத்தா வுட்றாத."

பூந்தேன். துரு கண்ணில் விழுந்தது. முதலில் வலப்பக்கம். பிரேமில் இரண்டு விரல் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஓட்டைகள். கடைசி ஓட்டையில் நுனியை வைத்தேன். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்த அப்பா தலையைக் கீழே சாய்த்தார்.

"அது இல்ல. அதுக்கு முந்துனது." குரல் எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு இருந்தது.

"பாய் கடைசின்னாரே?"

"அது வேற எதுக்கோ போட்ட ஓட்டை. இதுதான். பேசாம வையி."

நாள் முழுக்கக் கடையில் கம்பி அளந்து கொடுப்பவர் அவர். அவருக்குத் தெரியாதா? விரலை முந்தின ஓட்டைக்கு நகர்த்தினேன். முகத்தைத் திருப்பினால், அப்பாவுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி அத்தையும் குந்தி, அடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். என் விரலைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். பரீட்சைத் தாள் திருத்தும்போது இருக்கிற முகம்.

முன்னால் எதிர் மூலையில், நூல் எட்டிய இடத்தில் பாய் அளவுக்கு ஒரு முடிச்சுப் போட்டார். "இப்ப அதே நூல எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போ பாப்பா."

இடப்பக்கம் நகர்ந்தேன். அங்கேயும் இரண்டு ஓட்டை. எதில் என்று அப்பா சொல்வார் என்று காத்திருந்தேன். சத்தமே இல்லை. பாய் சொன்னபடி கடைசி ஓட்டையில் வைத்தேன். பாய் இழுத்தார். விட்டு மறுபடி இழுத்தார்.

"எட்டல," என்றார். டேப்பின் தகடு இழுபடும் சத்தம் கேட்டது. "ஒன்னேகால் இஞ்சு கொறையுது."

நான் மல்லாந்து கிடந்தேன். அங்கிருந்து எனக்கு மூன்று ஜோடிக் கால்கள் மட்டும் தெரிந்தன. கிரீஸ் படிந்த வெறுங்கால் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் நடந்து வந்தது.

"ரெண்டு பக்கமும் கடைசி ஓட்டைதான பாப்பா?"

வாயைத் திறந்தேன். பாய் சொன்ன கடைசி ஓட்டை ஒன்று, அப்பா சொன்ன ஓட்டை இன்னொன்று. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடித்தேனா என்றால் இல்லை. சொன்னபடி பிடித்தேனா என்றால் ஆமாம். தாடைத் தையல் இழுத்து வலித்தது.

"ஆமா பாய்," என்றது அத்தையின் குரல். "நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தன். சரியாத்தான் புடிச்சா."

அப்பாவின் கால்கள் ஒரு அடி பின்னால் போயின.

"டீச்சரே சொன்னப்பறம் இன்னா இருக்கு," என்று பாய் நூலைக் கையில் சுற்றிக்கொண்டார். இன்னொரு தரம் பிடித்துப் பார்க்கலாம் என்று அவரும் சொல்லவில்லை. நான் வெளியே வந்தபோது அப்பா எனக்குப் பன்னீர் சோடா வாங்கப் போயிருந்தார். வாங்கி வந்தார். நானும் குடித்தேன். நன்றாக இருந்தது, அதை என்ன சொல்ல.

திரும்பும் பஸ்ஸில் அப்பா முன்னால் உட்கார்ந்தார். நான் அத்தையோடு பின்னால்.

"அத்த, ஒரு பக்கம் நான் கடைசி ஓட்டையில வெக்கல."

"ம்."

"அப்பாதான் அதுக்கு முந்துனதுல—"

"வாயப் பெருசாத் தொறக்காத. தையல் பிரிஞ்சிரும்."

எனக்குக் கோபம் வந்தது. எவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்கிறேன், இவள் தையலைப் பற்றிப் பேசுகிறாள். கடைசி பெஞ்சுப் பையன் நோட்டில் விட்டுப்போன புள்ளியை நின்ற இடத்திலிருந்து கண்டுபிடிக்கிறவள், இரண்டு விரல் இடைவெளியைப் பார்க்கவில்லையா? பார்த்தாள். என் விரலைத்தானே பார்த்தாள். பார்த்தும் சரி என்றாள் என்றால் ஒரே காரணம்தான் இருக்க முடியும். சிதம்பரம் வருவதற்குள் கண்டுபிடித்துவிட்டேன். அத்தைக்கு அந்தக் கார் வேண்டாம். சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறாள்.

ஒன்பது வயதில் என் மண்டை அப்படித்தான் வேலை செய்தது. அத்தை "இல்லை" என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி எனக்குத்தான் வந்திருக்கும். யார் நகர்த்தச் சொன்னது என்று பாய் கேட்டிருப்பார். காருக்கடியிலிருந்து எழுந்து, துரு அப்பிய முகத்தோடு, அப்பாவை நான் கைகாட்ட வேண்டியிருந்திருக்கும். கைகாட்டிவிட்டு அதே அப்பாவோடு வீட்டுக்குப் போக வேண்டியிருந்திருக்கும். அது வராமல் இருக்க அவள் காரைக் கொடுத்தாள். இது எனக்குப் புரிந்தது முப்பது வயதுக்குப் பிறகு. புரிந்ததும் நன்றி வரவில்லை, கோபம்தான் வந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா என்றால், தெரியாது.

கார் காயலான் கடைக்குப் போன பிறகு, வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்டார்கள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, பிரேம், நூல் என்று ஆரம்பிப்பார். பாதியில் வார்த்தை நின்றுவிடும். அவருக்கு உதவி செய்வதாக நினைத்து நான் முந்திக்கொள்வேன்.

"அத்தைக்கே அந்தக் காரு புடிக்கல. அவுங்கதான் வேணாம்னாங்க."

இதை நான் பள்ளிக்கூடத்தில் சொன்னேன், தெருவில் சொன்னேன், வந்த எல்லோரிடமும் சொன்னேன். அப்பா என் தலையைத் தடவிக்கொடுப்பார். வந்தவர்கள், அதுவும் சரிதான், பொம்பளைக்கு எதற்கு இந்த வயதில் என்பார்கள். அத்தை பக்கத்து அறையில்தான் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது வீட்டில்தானே இருந்தாள். ஒருமுறை நான் அப்படிச் சொல்லி முடித்ததும் உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டாள். போனேன். முன்னால் உட்காரவைத்து, காலையில் அம்மா பின்னியிருந்த தலையை அவிழ்த்து, மறுபடி எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, மெதுவாகப் பின்னி முடித்தாள். நான் சரியாகச் சொன்னதற்குத்தான் இது என்று நினைத்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.