மேன்டிலில் இரண்டு, தசையில் ஒன்று

ஆய்வகத்தில் புற ஊதா விளக்கைப் போட்டதும், ஜெல் பலகையில் மேன்டிலுக்குரிய வரிசையில் இரண்டு பட்டைகள் மினுங்கின. பக்கத்தில் தசையின் வரிசையில் ஒன்றுதான். ஒவ்வொரு பட்டையும் ஜீன் பிரதியின் ஒரு நீளம். முத்துச்சிப்பியும் ஒன்று, நான் தேடிய ஜீனும் ஒன்று. அப்போதுதான் பொறி தட்டியது. ஜீனின் பிரதியை வெட்டி ஒட்டித் தூது ஆர்.என்.ஏ. ஆக்கும்போது, சிப்பியின் ஓடுகளை வளர்க்கும் மேன்டில் சவ்வு சில பிரதிகளில் ஒரு துண்டை விட்டுவைக்கிறது. ஓடுகளை இழுத்து மூடும் தசை அதை அடியோடு கழித்துவிடுகிறது. பாடத்தில் படித்த சங்கதிதான். ஆனால் எங்கள் கடல் சிப்பியில், என் கண் முன்னால்! கையுறையைக்கூடக் கழற்றாமல் என் ஆய்வு வழிகாட்டியான மேடத்திடம் ஓடினேன்.

"ரெண்டு திசுவும் கலந்திருக்கும்மா," என்றார் அவர். "புது சிப்பியில திரும்பச் செய். மறுபடி வந்தா ஆய்வேட்டுல சேர்ப்போம். வராட்டி எடுத்துரு."

அந்த உற்சாகம் வடிந்து மாதங்களாகின்றன. கீழவைப்பார் கடற்கரையிலிருந்து பேருந்தில் வந்த சிப்பிகள் வெயிலில் வாய் பிளந்து செத்தே வந்தன. ஆர்.என்.ஏ. சிதைந்து, பட்டைக்குப் பதில் புகை மாதிரி ஓர் இழுவல்தான் தெரிந்தது. மறுபடியும் அதே. மறுபடியும்.

கடைசியில், கடலில் முங்கிச் சங்கு எடுக்கும் சித்தப்பாவிடம் சொல்லிவைத்தேன். அவர் வந்து ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார்.

"ஒனக்கு வேல மிச்சம்னு வள்ளத்துலயே ஒடச்சு, நல்ல தண்ணில அலசி, ஐஸ் போட்டுக் கொண்டாந்துருக்கேன் ஏளா."

சொந்தக்காரர் வீட்டுக்கு மீன் கொடுத்துவிடும்போது எங்கள் பக்கம் செய்யும் மரியாதை அது. பைக்குள் மேன்டிலும் தசையும் செவுளும் ஒன்றாய்க் குழைந்து கிடந்தன.

"எது எங்க உள்ளதுன்னே தெரியலையே சித்தப்பா."

"ஒரே சிப்பிதான? அங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணாவா இருக்கும்?"

"அதத்தான் கண்டுபிடிக்கப் பாக்கேன்!"

"அப்ப கொழம்பு வச்சிர வேண்டியதுதான்."

சிரிக்கத் தெம்பில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பையை வாங்கிக் கீழே வைத்த சித்தப்பா, "நீயே வள்ளத்துக்கு வாரியா? வாந்தி கீந்தி எடுக்க மாட்டியே?" என்றார்.

எடுப்பேன். இருந்தாலும் போகிறேன். மேடத்திடம் கெஞ்சி இன்னொரு வாய்ப்பு வாங்கியாயிற்று. காற்று தணிந்ததும் கத்தரியோடும், ஆர்.என்.ஏ.வைக் காக்கும் திரவம் ஊற்றிய குப்பிகளோடும் ஏற வேண்டும். சிப்பி மேலே வந்தவுடன் மேன்டில் ஒரு குப்பியில், தசை வேறொன்றில். இடையில் கத்தரியைத் துடைக்க மறக்கக் கூடாது. ஓட்டைப் பிளப்பது மட்டும் சித்தப்பா. அலசக் கூடாது என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.