நான்கு வட்டங்களும் ஒரு தொலைபேசிக் கம்பியும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து அலுவலகத்துக்குக் கொம்பியூட்டர் வந்தபோது நான் அங்கே பெரிய கிளாக்கர். ஓய்வுக்கு இரண்டு வருடம்கூட இல்லை. தெமோதரை ஸ்டேசனிலிருந்து மேலே ஏறினால் வரும் தோட்டம் அது. அலுவலகத்தில் ஆறு மேசை, ஒன்பது கதிரை, ஒரேயொரு தொலைபேசி. அந்த ஒற்றைக் கம்பியிலேயே கொம்பியூட்டரோடு வந்த சின்னப் பெட்டியையும் மாட்டினார்கள். மோடம் என்றார்கள். கொழும்போடு பேசத் தொடங்கும்போது அது முதலில் கிறீச்சிடும், பிறகு நீளமாக ஊளையிடும், பிறகு அடங்கிவிடும். அடங்கிய பிறகு வெளியிலிருந்து யாராலும் எங்களை அழைக்க முடியாது.

மற்றவர்களுக்கு அது பெரிய விஷயமல்ல. எனக்கு அப்படியில்லை. என் மகள் யாழ்ப்பாணத்தில் ஐந்து வயதுப் பிள்ளையோடு தனியாக இருந்தாள். போரால் வடக்குக்கான பாதை மூடிக்கிடந்த காலம். கப்பலில் இடம் கிடைத்தால் திருகோணமலைக்கு வருவாள், நான் அங்கே போய் நின்று இருவரையும் கூட்டிவர வேண்டும். கப்பல் எப்போது என்பது கடைசி நேரத்தில்தான் தெரியும். தெரிந்ததும் தொலைபேசிக் கடையில் வரிசையில் நின்று அலுவலகத்துக்கு எடுப்பாள். நான் திருப்பி எடுக்க அவளிடம் இலக்கம் கிடையாது. அந்த ஒரு அழைப்புத் தவறினால், சோதனைச் சாவடிகள் நிறைந்த ஓர் ஊரில், தெரிந்த முகம் ஒன்றும் இல்லாமல் பிள்ளையோடு நிற்பாள். என் நித்திரையைக் கெடுத்தது அதுதான்.

கொம்பியூட்டரைப் பொருத்த பண்டாரவளையிலிருந்து வந்தவர் என்னை அதன் முன்னால் இருத்தித் திரையில் நான்கு வட்டங்களைக் காட்டினார்.

"ஐயா, இதுல ஒண்ணத் தொடணும். கம்பெனிக்காரன் இந்தக் கம்பி வழியா அப்பப்ப புது புரோகிராம் அனுப்புவான். மொதலாவதுன்னா மிசினே எடுத்து மிசினே போட்டுக்கும். ரெண்டாவது, எடுத்து வச்சிட்டு போடவான்னு கேக்கும். மூணாவது, வந்திருக்குன்னு மட்டும் சொல்லும். நாலாவது, ஒண்ணுமே வேணாம்."

"நான் இல்லாத நேரம் எடுக்குமோ?"

"மொதலாவதுன்னா எந்நேரமும் எடுக்கும். அது நல்லது தானுங்களே."

நல்லதுதான். அதற்கு முந்திய சம்பளக் கிழமையில் பக்கத்துத் தோட்டத்துக் கொம்பியூட்டரில் ஏதோ வைரஸ் புகுந்து, ஆட்களின் பேர் பதியும் செக்ரோல் கணக்கு முழுவதும் முடங்கி, அங்கே நான்கு டிவிசனுக்கும் சம்பளம் பிந்தியிருந்தது. ஆகவே ஒன்றும் வேண்டாம் என்று நாலாவதைத் தொட எனக்குத் துணிவில்லை. முதலாவதைத் தொட்டால் கம்பி என் கையில் இல்லை. நீண்ட நேரம் யோசித்து மூன்றாவதில் புள்ளியை வைத்தேன். வந்திருக்கிறது என்று சொல்லட்டும். தொலைபேசி சும்மா இருக்கும் நேரம் பார்த்து நானே எடுத்துப் போடுவேன்.

அப்போது உள்ளே வந்த தேயிலை ஃபேக்டரி டீமேக்கர் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "மிசினுக்குள்ள கைய வைக்கிறதுன்னா ஃபேக்டரில நாங்க மிசினக் காக்கிற சாமி ரோதமுனிக்கு சூடங் கொளுத்திக் கேட்டுட்டுத் தான் வைப்போம். இது என்னங்க, தன் வயித்துக்குள்ள தானே கைய விட்டுக்குமா? ஒங்க மிசினுக்கும் ஒரு சேவல் அறுத்துருங்க கிளாக்கரய்யா."

ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு காலை திரையைப் பார்த்தபோது புள்ளி முதலாவது வட்டத்தில் இருந்தது. அலுவலகத்தில் இருந்த நால்வரையும் தனித்தனியே கேட்டேன். ஒருவரும் தொடவில்லை. திரும்ப மூன்றாவதில் வைத்தேன். இரண்டு நாளில் மறுபடியும் முதலாவதில் நின்றது. கதவு பூட்டியபடி, சாவி என் இடுப்பில். சில காலைகளில் மிசின் தானே அணைந்து தானே எழும்பியிருக்கும். நான் திறந்து விட்டுப்போன பக்கங்கள் மூடிக்கிடக்கும். துப்புரவாக, யாரோ மேசையை ஒதுக்கிவிட்டுப் போனது போல.

பண்டாரவளைக்காரரைத் தொலைபேசியில் பிடித்தேன். "அதுங்களா? கொழும்பில இருந்தே மாத்துறாங்க ஐயா. கம்பி வழியா. எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே மாதிரி தான் இருக்கணுமாம். நீங்க தொடாதீங்க. மிசினையும் அணைக்க வேணாம்."

காரணம் தெரிந்த பிறகு பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. பேய் என்றால் இந்த மலையிலேயே இருக்கிற ஒன்று. இது நான் ஒருநாளும் காணாத ஒருவர், எங்கோ ஓர் அறையில் இருந்துகொண்டு, என் மேசைக்குள் விரலை நீட்டுவது.

பிறகு ஒரு போயா, பௌர்ணமி விடுமுறை, வந்தது. அலுவலகம் பூட்டு. பின்னேரம் பனிமூட்டம் இறங்கி, என் குவாட்டர்ஸிலிருந்து அலுவலகக் கூரைகூடத் தெரியவில்லை. மறுநாள் காலை கதவைத் திறக்கப் போனபோது, வயதான வாட்சர் படியில் நின்றார். வழக்கமாக உள்ளே வந்து விளக்கைப் போடுகிறவர், அன்று வாசலைத் தாண்டவில்லை. நிலையில் காவலுக்கு ஒரு தேசிக்காய் வெட்டி வைத்திருந்தார்.

"ஐயா, உள்ள யாரையும் வச்சுப் பூட்டிட்டுப் போனீங்களா?"

"என்ன பகிடி இது?"

"பகிடி இல்லீங்க. நேத்து மிஸ்டு எறங்கின நேரம் டெலிபோன் அடிச்சிச்சு. ஒரே ஒரு அடி. தானா நின்னு போச்சு. அப்புறம் உள்ள ஒரு பொம்பள பேசிச்சுங்க."

"ஜன்னலால் பார்க்கவில்லையா?"

"பாத்தேனுங்க. பெட்டியில செவப்பு லைட்டு மட்டும் மினுங்குது. கதிரையில யாருமில்ல. அப்பா, அப்பான்னு ரெண்டு தரம் கூப்பிட்டுச்சு. பெட்டி ஊளையிட ஆரம்பிச்சிருச்சு. அந்த ஊளைக்கு மேல அதுவும் கத்திப் பேசுது."

"அந்த நேரமே கீழே வந்து எனக்குச் சொல்வதற்கென்ன?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "என்னங்க ஐயா, தெரியாத மாதிரி கேக்குறீங்க. ரெண்டு தரம் தானே கூப்பிட்டுச்சு. மூணாந்தரம் கூப்பிட்டா தானே மனுசன். அதுக்கு முன்ன வாயத் தொறந்தா நம்மள இல்ல பிடிச்சுக்கும். மூணாந்தரத்துக்கு காத்துக்கிட்டே இருந்தேன். கூப்பிடவே இல்ல."

சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். "வேறு என்ன பேசினது?"

"பாதி வெளங்கல. நம்ம பேச்சு மாதிரி இல்ல. சனிக்கெழம கப்பல், சனிக்கெழம கப்பலுன்னு சொல்லிச்சு. சனிக்கெழம என்னங்க கப்பல், எமனோட கப்பலா? அப்புறம், சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டுட்டுது, யோசிக்காதைங்கோன்னு சொல்லிச்சு. அதோட நின்னு போச்சு."

பேரனுக்குக் காய்ச்சல் என்று மகள் முந்திய கிழமை சொல்லியிருந்தாள். அதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. குவாட்டர்ஸில் சொல்வதற்கு ஆளும் இல்லை.

உள்ளே போய்த் திரையைப் பார்த்தேன். புதியவை வெற்றிகரமாகப் பொருத்தப்பட்டன என்று மூலையில் எழுதியிருந்தது. தொலைநகல் பெறுகிற வசதியும் அதோடு திறந்துகொண்டது, அதனால் அழைப்பு வந்தால் மோடமே எடுக்கும், எடுக்கும்போது மறுமுனைச் சத்தம் அந்தப் பெட்டியின் ஒலிபெருக்கியில் கேட்கும் என்று பண்டாரவளைக்காரர் பின்னர் விளக்கினார். அன்று காலை அந்த விளக்கம் என்னிடம் இல்லை. பூட்டிய அறைக்குள் பேசிய ஒரு குரலும், அதைப் பேய் என்று நம்பிய ஒருவரின் சொல்லும் மட்டுமே இருந்தன. கம்பியைப் பெட்டியிலிருந்து பிடுங்கினேன். வெள்ளிக்கிழமை மாலை வரை தொலைபேசியின் பக்கத்திலேயே இருந்தேன். அது அடிக்கவில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று என்று நினைத்தவள் ஏன் மறுபடியும் வரிசையில் நிற்கப்போகிறாள்?

"எந்தத் தகவலின் பேரில் லீவு?" என்று தோட்டத்து மனேஜரான துரை கேட்டார். வீட்டிலிருந்து ஃபோன் வந்தது என்றேன். அதற்கு மேல் அவருக்கு எப்படிச் சொல்வது? பதுளைக்குப் போய், அங்கிருந்து மூன்று பஸ் மாறித் திருகோணமலைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கப்பலிலிருந்து ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். நூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணினேன். அதற்கு மேல் எண்ண முடியவில்லை. கடைசிக்குச் சற்று முன்னால், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையில் பையோடு அவள் வந்தாள். என்னைக் கண்டதும் அப்படியே நின்றாள்.

பஸ்ஸில் ஏறிய பிறகும் நெடுநேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மகள்?"

"ஒண்டுமில்லை அப்பா. அண்டைக்கு நீங்கள் ஒரு வார்த்தையும் பேசேல்லை. எடுத்தியள், பிறகு ஒரே சத்தம். நீங்கள் அழுறியள் எண்டுதான் நான் எல்லாத்தையும் கெதியாச் சொல்லிப்போட்டு வைச்சனான். அப்பா இப்பிடி அழுது நான் ஒருநாளும் கேட்டதில்லை."

அது நானில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிள்ளை அவள் மடியில் நித்திரை. விட்டுவிட்டேன்.

ஓய்வு பெறும் வரை அந்த நான்கு வட்டங்களோடு நான் மல்லுக்கட்டவில்லை. புள்ளியைக் கொழும்பு எங்கே வைத்தாலும், மோடத்தின் கம்பியை மாலையில் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். காலையில் மாட்டுவதற்கு முன் ஒரு தரம் ரிசீவரைத் தூக்கிக் காதில் வைப்பேன். மகள் அப்போது கீழே குவாட்டர்ஸில், பிள்ளைக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருப்பாள். எனக்கு அழைக்க அந்தக் கம்பியில் வேறு யாரும் இல்லை. ஆனாலும், அப்பா என்று யாராவது மூன்றாந்தரம் கூப்பிடுகிறார்களா என்று கேட்ட பிறகுதான் மாட்டுவேன்.